பொட்டு மறைத்த இலக்கம்

அத்தியாயம் 17

ஷாமிளாவுக்கு மனசு சரியில்லை என்றால் பாத்திரம் பேசும். மீகஹகந்தைத் தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் வீட்டுப் பாத்திரங்கள் பலமாகவே பேசிக்கொண்டிருந்தன.

"அந்தச் சட்டி என்னா பாவம் பண்ணுச்சு?" என்று உள்காம்பராவில் படுத்திருந்த கணவன் கிருஷ்ணகுமார் கேட்டான்.

"நீங்க உங்க வேலையப் பாருங்க."

"வேலை இருந்தாத்தானே பாக்க!"

சொன்ன பிறகுதான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று இருவருக்கும் உறைத்தது. ஷாமிளா சட்டியை மெதுவாக இறக்கி வைத்தாள்.

றப்பர் தொழிற்சாலையின் புகைக்கூட்டில், ஷீட் காயப்போடும் மேல்தட்டிலிருந்து கிருஷ்ணகுமார் விழுந்து இன்றோடு எட்டு மாதம். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் முறிந்திருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் அவனால் நிமிர்ந்து உட்கார முடியாது. ஆனால் தலை நன்றாகத்தான் வேலை செய்தது. தமிழும் சிங்களமும் அவனுக்கு வலக்கை இடக்கை மாதிரி. கொழும்பில் ஒரு பதிப்பகம் மொழிபெயர்ப்பாளர் தேடுகிறது என்று கேள்விப்பட்டு, பாம்புக்கடி முதலுதவி பற்றிய சிங்களப் புத்தகம் ஒன்றைப் படுத்தபடியே தமிழாக்கித் தபாலில் அனுப்பினான். அதற்குப் பதில் வந்ததும் கணவனும் மனைவியும் அந்தக் கடிதத்தை மாறி மாறி நாலு தடவை படித்ததும் போன வாரத்துக் கதை.

கடிதத்தில் பதிப்பகத்து ஸாஹிரா மிஸ் தெளிவாக எழுதியிருந்தார். வியாழன் பிற்பகல் மூன்று மணிக்கு மின்னஞ்சலில் சோதனைக்கு ஒரு பக்கம் சிங்களம் வரும். நான்கு மணிக்குள் அது தமிழாகித் திரும்ப வேண்டும். தினமும் வேலை இப்படித்தான் நடக்கும் என்பதால் வீட்டில் இணையம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மன்னிக்கவும்.

இணையம் தூரத்தில் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில், பழைய மடுவக் கொட்டகையில் அறிவகம் என்ற கணினி நிலையம் திறந்து ஒரு வருஷமாகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் தனுஜா, "அண்ணனுக்குன்னா எப்ப வேணும்னாலும் பாவிச்சுக்கங்க அக்கா" என்று கம்பியில்லா இணையத்தின் கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் அங்கே போக எண்பத்தாறு படி இறங்கி ஒரு மரப்பாலம் கடக்க வேண்டும். போன மாதம் மூன்று பேர் கிருஷ்ணகுமாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் வலி தாங்காமல் மயங்கிவிட்டான். ஆகவே இணையம்தான் அவனிடம் வரவேண்டும்.

அதற்காக ஷாமிளா ஞாயிற்றுக்கிழமை இரத்தினபுரி வரை போய் ஒரு சாமான் வாங்கி வந்தாள். சுண்டுவிரல் நீளம். கொம்பியூட்டரின் யூஎஸ்பி துளையில் செருகினால் காற்றில் வரும் இணையத்தை இழுக்குமாம். பக்கத்து ஊர் கஹவத்தையில், போனும் கொம்பியூட்டரும் பார்க்கும் ஹஸீப் நானாவின் கொமினிகேஷன் கடையிலும் அது இருக்கும். மேசையில் நிற்கும் இந்தப் பழைய கொம்பியூட்டரையே ஹஸீப் நானாதான், "கடையில சும்மா கெடந்தது" என்று பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார். ஆனாலும் அந்தக் கடைக்கு அவள் போகவில்லை. அங்கே இப்போது யோகராஜ் வேலை செய்கிறான்.

யோகராஜ் கிருஷ்ணகுமாரின் ஒரே தம்பி. அன்று புகைக்கூட்டில் நிற்க வேண்டியவன் அவன்தான். கொம்பியூட்டர் கிளாஸ் இருக்கிறது, என் பேரில் நீ நில் என்று அண்ணனிடம் கேட்டுவிட்டுப் போனான். தம்பியின் பேரில் வேலைக்கு நின்ற அண்ணன் விழுந்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஷாமிளா அத்தனை பேர் முன்னால், "இனி எங்க வாசல்ல கால வைக்காத" என்று சொன்னாள். சொன்னதை அவன் அப்படியே கேட்டுக்கொண்டான். எட்டு மாதமாக வரவில்லை.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

வியாழன்தான் நல்ல நாள் என்று ஷாமிளா எடுத்து வைத்திருந்த சாமானை அன்று காலைதான் செருகினார்கள். சின்ன விளக்குகூட எரியவில்லை. கழற்றிச் செருகினார்கள். அடுத்த துளையில் செருகினார்கள். மாரியம்மன் படத்துக்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிட்டுச் செருகினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"பெட்டியில விண்டோஸ்னு போட்டிருக்கு" என்றான் கிருஷ்ணகுமார். "நம்ம கொம்பியூட்டர்ல இருக்கிறது லினக்ஸ். இத எப்படி நடத்துறதுன்னு அதுக்குத் தெரியல போல."

"இப்ப என்னாங்க செய்றது?"

"யாரையாச்சும் கேக்கணும்."

யாரை என்று அவன் சொல்லவில்லை. மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

ஷாமிளா போனையும் சாமானையும் எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்கு ஓடினாள். அந்த லயத்தில் போன் பேச சிக்னல் கிடைப்பது குழாய்போல் தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் மட்டும்தான். அங்கே பேசினால் குடத்தோடு வரிசையில் நிற்கிற எல்லோரிடமும் பேசியதுபோல. இன்று அதைப் பார்க்க நேரமில்லை.

"ஹஸீப் நானா, ஷாமிளா பேசுறேங்க."

விஷயத்தைக் கேட்ட ஹஸீப், "தங்கச்சி, எனக்கு இந்த லினக்ஸ் ஒண்ணும் வெளங்காது. தெரிஞ்ச ஆள் பக்கத்துலதான் நிக்கிறான். போனக் குடுக்கவா?" என்றார்.

"வேணாங்க. நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

ஹஸீப் திரும்பிக் கேட்கிற சத்தம் வந்தது. பிறகு ஹஸீப் தொண்டையைச் செருமினார். "சாமான்ட பேரு, இலக்கம் எல்லாம் வாசிக்கச் செல்றான்."

அவள் வாசித்தாள்.

"அதுக்குக் கீழ வேர்ஷன் ஏதாச்சும் போட்டு ஈக்கான்னு கேக்கிறான்."

ஷாமிளா திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப முதல் வேர்ஷனாம். சாமான நடத்துறதுக்கு டிரைவர்னு ஒரு மென்பொருள் போடணுமாம். பென் டிரைவ்ல ஏத்தி ஒம்பதரை பஸ்ஸுல அனுப்புறானாம்."

பத்தேகாலுக்குப் பஸ் வந்தது. மருந்து, கலியாணக் காட், மறந்துபோன குடை என்று தோட்டத்துக்கு வருகிற எல்லாமே கண்டக்டர் ஏழுமலை கையில்தான் வரும். பொலித்தீனில் மூன்று சுற்று சுற்றிய பென் டிரைவை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

"என்னாக்கா இது? இத மடியிலேயே வச்சுக்கிட்டு வரணும்னு சொன்னாரு. பஸ் குலுங்குனா என்கிட்டக் கோவிச்சுக்குவாரு போல."

"யாரு, ஹஸீப் நானாவா?"

ஏழுமலை விசிலை ஊதிவிட்டுப் பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

கூடவே ஒரு காகிதம் வந்திருந்தது. என்ன தட்ட வேண்டும் என்று வரிவரியாக எழுதி, எங்கே இடைவெளி விட வேண்டுமோ அங்கெல்லாம் சிவப்பு மையால் சின்ன வட்டம் போட்டிருந்தது. கையெழுத்தை ஷாமிளாவுக்குத் தெரியும். கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அந்தக் கையெழுத்துக்காரனுக்குத்தான் அவள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள்.

காகிதத்தில் சொன்னபடி கிருஷ்ணகுமார் கட்டளை எழுதும் கறுப்பு ஜன்னலைத் திறந்தான். இதுவரை தமிழ் தட்டுவதற்குத் தவிர வேறு எதற்கும் அந்தக் கொம்பியூட்டரை அவன் தொட்டதில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி வந்து நின்றது. முதலில் அவன் பெயர், அடுத்து மின்னஞ்சல் முகவரியில் வருகிற சுழி, அதற்கடுத்து கொம்பியூட்டருக்கு வைத்த பெயர். எல்லாம் ஆங்கில எழுத்து.

ஷாமிளா எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

அண்ணனுக்கு.

இன்னொரு முறை வாசித்தாள். வேறு ஒன்றும் இல்லை. அதேதான்.

ஹஸீப் நானாவுக்குக் கொழும்பில் இரண்டு அக்காமார். அண்ணன் கிடையாது.

"என்னாங்க…" என்றாள். விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். கிருஷ்ணகுமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைக்க வேண்டுமென்றால் கையை விசைப்பலகையிலிருந்து எடுக்க வேண்டும். அவன் எடுக்கவில்லை.

"தட்டுறேன், நீ வாசி" என்றான்.

அவள் வாசித்தாள், அவன் தட்டினான். பத்து நிமிஷம் திரையில் எழுத்து ஓடியது. கடைசியில் அப்படி ஒரு சாமானே இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றது. விளக்கு எரியவில்லை.

மணி பதினொன்று.

ஷாமிளா மறுபடி பீலிக்கு ஓடினாள். வழியில் செருப்பு வார் அறுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனாள்.

"நானா, அது வேல செய்யல."

"அப்பிடியா? இரிங்க, கேட்டுச் செல்றேன். டேய், அது வேல செய்யலயாம். என்னது? எல்… எஸ்… யூ… தங்கச்சி, எல், எஸ், யூ, எஸ், பி. ஒண்டாச் சேத்துத் தட்டோணுமாம்."

அவள் ஓடிப்போய்ச் சொன்னாள், தட்டவைத்தாள், வந்ததை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, சாமானையும் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். பீலியை விட்டு நகர்ந்ததுமே இணைப்பு அறுந்திருந்தது. திரும்ப எடுத்தாள். வாசித்தாள். ஹஸீப் 'பி' என்றதை பக்கத்தில் நின்றவன் 'டி' என்று எடுத்துக்கொண்டு, அது தப்பு, மறுபடி கேளுங்கள் என்றான். பீலியில் குடம் வைத்திருந்த பெண், "ஏன் ஷாமிளா, நேராப் பேசினா வாய் வெந்து போயிருமா?" என்றாள்.

ஷாமிளா அவளை முறைக்கவில்லை. அவள் சொன்னது சரிதானே!

"நானா" என்றாள், "போன யோகராஜ்கிட்டக் குடுங்க."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி' சொன்ன ஹஸீப்பின் குரலில் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது.

போன் கை மாறியது.

"யோகா" என்றாள்.

"அண்ணி."

எட்டு மாதத்தில் யாரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை. சொல்ல நினைத்ததெல்லாம் ஒரேயடியாக நாக்கு நுனிக்கு வந்தது. மணியைப் பார்த்தாள். அதையெல்லாம் விழுங்கிவிட்டு உள்ளங்கையில் இருந்த இலக்கத்தை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

"அண்ணி, இது முதல் வேர்ஷன் இல்ல. வெளியில பேரு ஒண்ணுதான், உள்ள இருக்கிற சிப் வேற. அதுல கட்டாயம் போட்டிருக்கணும். நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன் யோகா. பேரு இருக்கு, இலக்கம் இருக்கு, அதுக்குப் பக்கத்துல பொட்டு இருக்கு…"

சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

அந்த வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடாமல் ஷாமிளா விடமாட்டாள். டோர்ச் லைட்டுக்கு இட்டாள். கிருஷ்ணகுமாரின் ஊன்றுகோலுக்கும் இட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்த சாமானுக்கு, இதில்தான் நம் வாழ்க்கையே இருக்கிறது என்று, கொஞ்சம் தாராளமாகவே இட்டிருந்தாள். அது நாலு நாள் காய்ந்து சீமெந்து மாதிரி பிடித்திருந்தது.

நகத்தால் சுரண்டினாள். சந்தனம் உதிர்ந்தது. அதற்குக் கீழே குட்டி எழுத்தில் 'வேர்ஷன் 3' என்று இருந்தது.

"மூணு" என்றாள் மெல்லிய குரலில். "பொட்டு வச்சு மறைச்சிட்டேன்."

யோகராஜ் சிரித்தான். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. இருபது வயது வரை அந்த வீட்டுச் சுவரெல்லாம் எதிரொலித்த அதே சிரிப்பு. ஷாமிளாவும் சிரித்தாள். பீலிக்கரையே சிரித்தது. காரணம் பாதிப் பேருக்குத் தெரியாது.

"ஒண்ணேகால் பஸ்ஸுல அனுப்புறேன் அண்ணி. இந்தத் தடவ கடையில அதே லினக்ஸ்ல போட்டுப் பாத்துட்டே அனுப்புறேன். ரெண்டு மணிக்குக் கையில இருக்கும்."

ஒண்ணேகால் பஸ் ஒன்று ஐம்பதுக்கே வந்தது. மழையில் நனைந்தபடி இரண்டு இடத்தில் கை காட்டியவர்களையும் ஏற்றாமல் வந்தானாம் ஏழுமலை. "என்னத் திட்டுறாங்கக்கா, நீங்கதான் பொறுப்பு" என்று பென் டிரைவ் இருந்த பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு ஓடினான்.

மறுபடி கறுப்பு ஜன்னல். மறுபடி 'அண்ணனுக்கு'. அவள் வாசிக்க, அவன் தட்ட, எழுத்து ஓடி நின்றது. கழற்றிச் செருகினார்கள்.

பச்சை விளக்கு ஒன்று மினுக்கென்று எரிந்தது.

ஷாமிளா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரையில் அறிவகத்தின் பெயர் வந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த ஐந்து கோட்டில் ஒன்றுதான் நிரம்பியிருந்தது. இணைகிற மாதிரி வந்து அறுந்தது. மழையில் நனைந்த மரமெல்லாம் குறுக்கே நின்றன.

மணி இரண்டு இருபத்தைந்து. மறுபடி பீலி.

"கூட ஒரு நீட்டு வயர் அனுப்பியிருக்கேன், பாத்தீங்களா? அதுல மாட்டி ஜன்னலுக்கு வெளிய வைங்க. மழ படாம பொலித்தீன சுத்திருங்க. பின்னாடி குழிவா ஏதாச்சும் தகரம் வைங்க அண்ணி. குழி ஆத்துப் பக்கம் பாக்கணும்."

"குழிவான்னா?"

"நம்ம தாச்சி மாதிரி."

தாச்சியில் பகல் சாப்பாட்டுக்குப் பொரித்த கத்தரிக்காய் எண்ணெய் இன்னும் இருந்தது. அதைச் சட்டியில் ஊற்றிவிட்டு, தாச்சியைக் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டினாள். பொலித்தீன் உறைக்குள் இருந்த குட்டிச் சாமானை அதன் குழிக்கு முன்னால் தொங்கவிட்டாள். இடது பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு கோடு" என்றான் கிருஷ்ணகுமார். "இன்னும் கொஞ்சம். போதும், போதும்! மூணு! ஆடாத!"

"நான் ஆடல, தாச்சிதான் ஆடுது."

"அதையும் ஆட வேணாம்னு சொல்லு!"

இரண்டு ஐம்பதுக்கு இணையம் கிருஷ்ணகுமாரிடம் வந்தது. மூன்று மணிக்கு ஸாஹிரா மிஸ்ஸின் பக்கமும் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது பற்றி. அரை மணி நேரம் உட்கார்ந்து தட்டினான். வலி வந்ததும் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு ஒரு கையால் தட்டினான். ஷாமிளா தாச்சியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கை மரத்துப்போக நின்றாள். விடச் சொன்னாலும் விட்டிருக்க மாட்டாள்.

மூன்று ஐம்பத்தாறுக்கு அவன், "போயிருச்சு" என்றான்.

நான்கு பத்துக்குப் பதில் வந்தது. இரண்டே வரி. கிருஷ்ணகுமார் அதைச் சத்தமாக வாசித்தான். "கிடைத்தது, நன்றி. திருத்த ஒன்றுமில்லை. திங்கள் முதல் தினமும் அனுப்புகிறோம்."

ஷாமிளா ஈரச் சேலையோடு அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கிருஷ்ணகுமார் அந்த இரண்டு வரியை மறுபடி வாசித்தான். எட்டு மாதமாக அவள் கடவுளிடம் சொன்னது எல்லாம் குறைதான். இன்று குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கேட்காமலே கடவுச்சொல் எழுதிக் கொடுத்த தனுஜா, தூது போன ஹஸீப் நானா, திட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸை விரட்டி வந்த ஏழுமலை. இவர்கள் ஒவ்வொருவரையும் நினைக்க நினைக்க மனசு நிறைந்து வழிந்தது. கடைசியாக நினைத்தவனிடம்தான் நன்றி என்று இன்னும் சொல்லவில்லை.

பீலிக்கரையில் அப்போது யாருமில்லை.

"யோகா, கெடச்சிருச்சு. அண்ணனுக்கு வேல கெடச்சிருச்சு."

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"கொம்பியூட்டருக்கு நீ வச்ச பேரயும் பாத்தேன்" என்றாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பேசினது தப்பு. பயத்துல பேசிட்டேன். நீ செஞ்சதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஆறு மணிக்கு வர்ற பஸ்ஸுல வீட்டுக்கு வா."

"அண்ணி, நான் வந்தா ஒண்ணு சொல்லணும்." அவன் குரல் இறங்கியது. "அன்னைக்கு நான் கிளாசுக்குப் போகல."

ஷாமிளா போனை மறு காதுக்கு மாற்றினாள். காலையில் இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியும். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க போயிருந்தாலும் சரி" என்றாள். "வந்து சொல்லு. ஆனா வா."

கணவனிடம் அவள் எதையும் சொல்லவில்லை. ஒரு ஆள் கூடுதலாக அரிசி போட்டதை அவன் கவனித்தானா என்பதும் தெரியாது. ஆறு மணிக்கு முன்பே குடையோடு ரோட்டில் போய் நின்றாள். பஸ் வளைவில் திரும்பியது. ஏழுமலை படியில் தொங்கிக்கொண்டு வந்தான். பகலெல்லாம் பார்சல் வாங்கிப் பழகிப்போன ஷாமிளாவின் கை தன்னால் நீண்டது.

"இப்பப் பார்சல் இல்லக்கா" என்றான் ஏழுமலை. "ஆளத்தான் ஏத்திக்கிட்டு வந்தேன்."

அவனுக்குப் பின்னால் யோகராஜ் இறங்கினான். மெலிந்திருந்தான். வீட்டு வாசல் வரை வந்தவன் படிக்கு வெளியே நின்றுவிட்டான். ஷாமிளா உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"வா உள்ள."

"அத மொதல்ல சொல்லிர்றேன் அண்ணி."

"சாப்பிட்டுட்டுச் சொல்லு. மழையில நிக்காத."

அவன் படியில் கால் வைத்தான். அப்போது உள்காம்பராவிலிருந்து கிருஷ்ணகுமாரின் குரல் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"டேய் யோகா, அன்னைக்கு கிளாசுக்குப் போகலன்னு அண்ணிகிட்டச் சொல்லிட்டியா? இல்ல, எட்டு மாசமா நான் மறைச்ச மாதிரி இன்னும் மறைக்கணுமா?"